மதுரையின் ‘சராசரி மழை’ எந்த மதுரையின் சராசரி?

செல்லூர்க்காரன்

மதுரை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை எவ்வளவு என்று தெளிவாகச் சொல்ல இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஓர் இடத்தில் 840 மி.மீ.-ஐ ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் 850-ஐத் தாண்டுகிறது. போனில் இருக்கும் வானிலைச் செயலி இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஓர் எண்ணைக் காட்டுகிறது. இதில் எதை வைத்து “இயல்பைவிட இத்தனை சதவீதம் குறைவு” என்று செய்தியில் சொல்கிறார்கள்?

இன்னொன்று. 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டிய மழையை மதுரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, எங்கள் பக்கம் கட்டபொம்மன் நகர் தெருக்களில் தண்ணீர் நின்றது. தினசரிப் பட்டியலை எடுத்து 25-ம் தேதிக்கு நேரே பார்த்தால் அந்த மழை அங்கே இல்லை. ஒரு நாள் மழைக்கே இந்தக் கதி என்றால் முப்பது வருஷம், ஐம்பது வருஷம் என்று கூட்டி வகுத்த சராசரியை எப்படி நம்புவது?

கிருதுமால்

அதே பட்டியலில் 26-ம் தேதியைப் பாருங்கள் சார், அங்கே நிற்கும். வானிலைத் துறைக் கணக்கில் ஒரு நாள் என்பது முந்தின நாள் காலை 8.30-லிருந்து இன்று காலை 8.30 வரை. அளக்கிற நாளின் தேதியைத்தான் போடுவார்கள். வெள்ளி மத்தியானம் பெய்ததைச் சனிக்கிழமை காலையில் அளப்பார்கள், ஆகவே அது சனிக்கிழமைக் கணக்கு. ஒன்பது மணி நேரத்தில் கிட்டத்தட்ட 10 செ.மீ., அதில் 4.5 செ.மீ. கால் மணி நேரத்துக்குள் என்று அப்போது செய்திகளில் வந்தது. அந்தக் கால் மணி நேரம் உங்கள் தெருவுக்குத் தெரியும், தினசரிப் பதிவேட்டுக்குத் தெரியாது. அது 24 மணி நேரத்து மொத்தத்தை மட்டும்தான் வைத்துக்கொள்ளும்.

சராசரி விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் யாரோ உட்கார்ந்து எண்களை மாற்றிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. 840, 850 இரண்டும் சரியாகவே இருக்கலாம். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எத்தனை மழைமானிகள் என்று கேட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். வானிலைத் துறை முன்பு 1951–2000 காலத்தை வைத்து மாவட்ட ‘இயல்பு’, அதாவது நீண்ட காலச் சராசரி, போட்டது. பிறகு 1961–2010. 2022 ஏப்ரலில் 1971–2020-க்கு மாறினார்கள். நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை இயல்பே 880.6 மி.மீ.-லிருந்து 868.6 ஆக இறங்கியது. ஒரே மழை, பழைய இயல்பின் கணக்கில் குறைவாகவும் புதிய இயல்பின் கணக்கில் பரவாயில்லை என்றும் வரும்.

டீக்கடை பெஞ்சு

பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எட்டரை மணித் தகராறும் கிடையாது, சதவீதமும் கிடையாது.

பழைய ஆர்.ஐ.

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் மழை அளந்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தாலுகா ஆபீஸ் வளாகத்தில் சின்ன வேலி போட்டு நடுவில் மழைமானி இருக்கும். 5 அங்குல வாய், அதாவது 127 மி.மீ. விட்டம். உள்ளே புனல், அதன் கீழே தண்ணீர் சேரும் பாத்திரம். காலையில் ஒருவர் போய் அளவுக்குடுவையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுவார். அந்த எண் கலெக்டர் ஆபீசுக்குப் போகும். மழைக்காலத்தில் அங்கிருந்து போன் மேல் போன் வரும், அதனால் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பெரும்பாலும் ஒழுங்காக அளந்தோம். கோடையில்தான் கோளாறு. மே மாதம் சாயங்காலம் இடி இடித்து நாலு மி.மீ. பெய்யும், மறுநாள் ஞாயிறாக இருக்கும். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பாதி ஆவியாகியிருக்கும். மிச்சத்தைத் திங்கட்கிழமைக்கு எழுதுவார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் மழை இல்லை என்று அர்த்தம். அளக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இந்த வித்தியாசம் பலருக்குப் புரியவைக்க முடியவில்லை. காலியாக விட்டால் மேலே இருந்து விளக்கம் கேட்பார்கள், பூஜ்யம் போட்டால் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் காரணம். பேராசையோ சதியோ இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறகு வந்த ஃபைபர் மழைமானிகளில் வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ., 100 சதுர செ.மீ. என்று இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் அளவுக்குடுவை வேறு வேறு. குடுவை உடைந்து, கையில் கிடைத்த மாற்றுக் குடுவையை வைத்து ஓர் ஆபீசில் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

கிருதுமால்

ஐயா, அது பெரிய விஷயம். 200 பரப்பில் 1 மி.மீ. மழை என்றால் 20 மில்லி தண்ணீர். 100 பரப்பில் 10 மில்லி. சிறிய மானியின் தண்ணீரைப் பெரிய மானியின் குடுவையில் ஊற்றினால் மழை பாதியாகிவிடும். மாற்றிச் செய்தால் இரட்டிப்பு. ஒரு பருவம் அப்படி ஓடினால் அந்தத் தாலுகாவில் ‘வறட்சி’ வந்து போயிருக்கும், யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்த மானியின் மழையை வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போங்கள். சுற்றியுள்ள நாலைந்து மானிகளின் சராசரியையும் அதேபோல் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டையும் ஒரு வரைபடத்தில் எதிரெதிரே வைத்தால் நேர்கோடாகப் போக வேண்டும். ஓரிடத்தில் கோடு வளைந்தால் அந்த வருஷம் மானியை இடம் மாற்றியிருப்பார்கள், பக்கத்தில் கட்டடம் எழுந்திருக்கும், இல்லையென்றால் ஐயா சொன்ன குடுவை. கிழமைவாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். மழைக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மழை நாள் குறைந்திருந்தால் அது மேகத்தின் வேலை இல்லை. எண்கள் எல்லாம் 5-லும் 0-விலும் முடிந்தால் அளவுக்குடுவையைச் சரியாகப் படிக்காமல் தோராயமாக எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பேரையூர் கரிசல்

நீங்கள் வரைபடம் போடுங்கள் தம்பி, எனக்கு வேறு கவலை. நான் மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம். மாவட்டச் சராசரி எனக்கு எதற்கு? மேலூரில் அடித்துப் பெய்தால் எங்கள் ஊர்க் குறையும் சேர்ந்து கணக்கில் மறைந்துபோகும். பேரையூரில் மானி இருக்கிறது, எழுமலையில் இருக்கிறது. நடுவில் எங்கள் காடு. ஒரு சாயங்காலம் எழுமலையில் வெள்ளம் ஓடும், எங்களுக்குப் புழுதி அடங்காது. கரிசலில் ஒரு உழவு மழை விழுந்ததா இல்லையா என்பதுதான் எங்களுக்கு அளவு. அது எந்தப் பட்டியலிலும் வராது.

2016-ல் இந்தச் சண்டையே தேவைப்படவில்லை. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க 62 சதவீதம் குறைவு. மானி சரியா தப்பா என்று யாரும் கேட்கவில்லை, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அறிவித்தார்கள். ரெண்டுங்கெட்டான் வருஷத்தில்தான் அடிபடுகிறோம்.

கிருதுமால்

அண்ணே, நீங்கள் சொன்ன ரெண்டுங்கெட்டான் வருஷத்துக்குக் கணக்கே போட்டுக் காட்டலாம். வானிலைத் துறை விதிப்படி இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் ‘இயல்பு’தான். 20-லிருந்து 59 வரை குறைந்தால் ‘பற்றாக்குறை’. ஓர் ஊரில் ஒரு வருஷம் 700 மி.மீ. பெய்தது என்று வையுங்கள். சராசரி 850 என்றால் 18 சதவீதம் குறைவு, அதாவது இயல்பு. சராசரி 900 என்றால் 22 சதவீதம் குறைவு, அதாவது பற்றாக்குறை. மழை ஒரு துளிகூட மாறவில்லை.

2016-ல் வந்த மத்திய அரசின் வறட்சி மேலாண்மைக் கையேடு மழைக் குறைவையும் தொடர்ந்து மழையில்லாத வாரங்களையும் வறட்சி அறிவிப்பதற்கு முதல் படியாக வைத்திருக்கிறது. அதனால் அந்த 50 மி.மீ. வித்தியாசம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

செல்லூர்க்காரன்

அப்படியானால் நான் கேட்டது சரிதானே? சராசரியை ஏற்றி வைத்தால் வறட்சி, இறக்கி வைத்தால் இயல்பு. இப்போது இறக்கிக்கொண்டே வருகிறார்கள். சந்தேகப்படக் கூடாதா?

கிருதுமால்

சந்தேகப்படுங்கள், ஆனால் திசையைப் பாருங்கள். பழைய எண் பெரிதாக இருந்ததற்கு மதுரையிலேயே ஒரு காரணம் உண்டு. 1985 செப்டம்பர் வரை கொடைக்கானலும் பழனியும் திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம். தேனி, பெரியகுளம், போடி, கம்பம் எல்லாம் 1990-களின் நடுவில்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தன. கொடைக்கானலில் வருஷத்துக்குப் பெய்வது மதுரை நகரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. பழைய புத்தகங்களில் ‘மதுரை ஜில்லா சராசரி’ என்று இருக்கும் எண்ணில் அந்த மலை மழையும் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பின்னால் போனால் 1910-ல் ராமநாதபுரம் பிரிந்தது. 1906-ல் வந்த மதுரை கெஜட்டியரை வைத்து ஒருவர் “நூறு வருஷத்தில் மதுரை மழை இவ்வளவு குறைந்துவிட்டது” என்று எழுதினால், முதலில் அவர் எந்த மதுரையைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். இன்றைய எல்லைக்குள் இருக்கும் மானிகளை மட்டும் எடுத்து, பழைய வருஷங்களுக்கும் அதையே கணக்குப் போட்டால் பிரச்சினை இல்லை. பலர் அதைச் செய்யாமல் பழைய எண்ணை அப்படியே தூக்கி இன்றைய வரைபடத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம் பத்திரிகையில். பெரியாறு–வைகைப் பாசன மழை அளவு என்று ஒரு பட்டியல் வரும். தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், வைகை அணை, மஞ்சளாறு, பேரணை, கள்ளந்திரி என்று போகும். மாவட்டப் பட்டியல் வேறு: சிட்டம்பட்டி, இடையபட்டி, தல்லாகுளம், புலிப்பட்டி, தனியாமங்கலம், வாடிப்பட்டி, குப்பணம்பட்டி, கள்ளிக்குடி, விமான நிலையம் இப்படி. முதலாவது ஆற்றுக்கான கணக்கு. தேக்கடி கேரளத்தில் இருக்கிறது. இரண்டையும் கலந்து சராசரி எடுத்து வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள்.

பழைய ஆர்.ஐ.

பசலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருவாய்க் கணக்கு எல்லாம் ஜூலை முதல் ஜூன் வரை. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. வானிலைத் துறை வருஷம் ஜனவரியில் தொடங்கும். நீண்ட காலச் சராசரிக்கு இதனால் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் ஒரு தனி வருஷத்தை எடுத்து ஒப்பிட்டால் அந்த வருஷத்துக் கோடை மழை ஓர் ஏட்டில் இருக்கும், இன்னோர் ஏட்டில் அடுத்த வருஷத்துக்குப் போயிருக்கும். ரொம்பப் பழைய நோட்டுகளில் அங்குலமும் சென்ட்டும், அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கும். 2.35 என்று இருந்தால் அது 2.35 மி.மீ. இல்லை, கிட்டத்தட்ட 60 மி.மீ. கணினியில் ஏற்றும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது?

டீக்கடை பெஞ்சு

சரி, கொடைக்கானல் பேச்சு வந்துவிட்டது. வருஷா வருஷம் ஜனவரியில் “கொடைக்கானலில் பனிப்பொழிவு, ஜீரோ டிகிரி” என்று வீடியோ வருகிறதே, அதற்கு யாராவது சராசரி வைத்திருக்கிறார்களா?

பூம்பாறை

நான் மேல்மலை. இங்கே பனி பொழிவதில்லை அண்ணே, உறைகிறது. மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும். புல்லின் மேல் இருக்கும் ஈரம் அப்படியே வெள்ளையாக உறைந்துவிடும். வெயில் ஏறினால் போச்சு. விழுந்தால்தானே இத்தனை செ.மீ. என்று அளக்க? பூண்டு, கேரட், உருளை போட்டவர்கள் விடிகாலையில் தண்ணீர் தெளிப்பது இதற்காகத்தான்.

ஜீரோ டிகிரிச் சண்டை எங்களுக்குப் பழகிப்போனது. வானிலை மையம் 6 என்று சொல்லும், நாங்கள் வெள்ளையாகக் கிடக்கும் புல்தரையைப் படம் எடுத்துப் போடுவோம். ரெண்டும் நிஜம். அவர்களுடைய வெப்பமானி மரப்பெட்டிக்குள் ஓர் ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, அது காற்றின் குளிரை அளக்கிறது. புல் மட்டத்தில் அதைவிடப் பல டிகிரி குறையும். அதற்கென்று புல்மட்ட வெப்பமானி என்றே தனியாக ஒன்று உண்டு. தவிர, அந்த அளவு சோலார் அப்சர்வேட்டரி இருக்கும் மேட்டில் எடுப்பது. குளிர் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் அளந்ததைப் பள்ளத்துக்குச் சொன்னால் சரிவராது. அதற்காக அங்கே அளந்தது பொய்யும் இல்லை, 1899-லிருந்து இருக்கிற இடம் அது.

பேரையூர் கரிசல்

பாருங்கள், இதே கதைதான் எங்கள் மழைக்கும். அளந்தது தப்பில்லை, அளந்த இடம் நம்ம இடம் இல்லை.

செல்லூர்க்காரன்

கண்மாயை வைத்துச் சொல்லலாமே? எங்கள் செல்லூர்க் கண்மாய், அந்தப் பக்கம் வண்டியூர்க் கண்மாய். நிறைந்தால் நல்ல மழை. எண்ணை ஏமாற்றலாம், கண்மாயை ஏமாற்ற முடியாது.

பழைய ஆர்.ஐ.

கண்மாயும் ஏமாற்றும் தம்பி. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய் திறந்தால் உள்ளூரில் தூறல்கூட இல்லாமல் கண்மாய் பெருகும். வைகையில் வெள்ளம் வந்தால் தேனியில் பெய்த மழை நம்ம கண்மாயில் நிற்கும். இன்னொரு பக்கம், வரத்துக் கால்வாய் அடைபட்டால் எத்தனை மழை பெய்தாலும் கண்மாய் காய்ந்து கிடக்கும். கண்மாய் கால்வாயின் நிலைமையைச் சொல்லும். மழையைச் சொல்லாது.

கிருதுமால்

செயலி பற்றி செல்லூர் சார் முதலிலேயே கேட்டார், விட்டுப்போயிற்று. அந்த எண்களில் பல, மானியில் அளந்தவையே இல்லை. உலகத்தை ஏறத்தாழ 25, 30 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கணினி மாதிரியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மழையைக் கணக்கிடுகிறார்கள். மதுரையில் மழை பெரும்பாலும் சாயங்கால இடிமழை. திருப்பரங்குன்றத்தில் கொட்டும்போது அண்ணா நகரில் வெயில் அடிக்கும். அவ்வளவு பெரிய கட்டத்துக்கு இதெல்லாம் பிடிபடாது. “உங்கள் இடத்தில் இன்று 12 மி.மீ. பெய்தது” என்று அது அடித்துச் சொல்லும், உங்கள் மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். மதுரை நகரத்துக்கு அந்த எண்ணை நான் எடுக்கவே மாட்டேன்.

சராசரியிலேயே ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கணக்குக்காக ஐந்து வருஷ மழையை 600, 650, 700, 750, 1400 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 820. ஐந்தில் நாலு வருஷம் ‘சராசரிக்குக் கீழே’! நம்ம பக்கம் மழை இந்த மாதிரிதான், ஒரு புயல் வருஷம் வந்து எல்லா வருஷத்துக்கும் சேர்த்து எண்ணைத் தூக்கிவிடும். விவசாயிக்கு நடு எண் எது என்று சொன்னால் பிரயோஜனம், இங்கே 700. அதை ஏன் செய்தியில் சொல்வதே இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். கரிசல் அண்ணன் மாதிரி ஆட்கள் “ஒவ்வொரு வருஷமும் மழை குறைகிறது” என்று சொல்வதில் பாதி இந்தச் சராசரி செய்கிற வேலை.

பேரையூர் கரிசல்

அது சரி. ஆனால் முந்தி மாதிரி பெய்யவில்லை என்பதும் நிஜம். பத்து நாள் பெய்ய வேண்டியது இப்போது ரெண்டு நாளில் பெய்துவிட்டுப் போகிறது.

கிருதுமால்

அதைச் சோதிக்க மழை நாள் கணக்கு எடுக்க வேண்டும் அண்ணே. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். மொத்தம் மாறாமல் மழை நாள் மட்டும் குறைந்திருந்தால் நீங்கள் சொல்வது பதிவேட்டிலேயே தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மழை திங்களோடு சேர்ந்த பதிவேடு என்றால் அங்கேயும் மழை நாள் குறைந்துதான் காட்டும். இதற்குத்தான் மூல நோட்டு வேண்டும் என்கிறேன், அச்சடித்த சராசரி போதாது.

செல்லூர்க்காரன்

மூல நோட்டு கிடைக்குமா? கேட்டால் கொடுப்பார்களா?

பழைய ஆர்.ஐ.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். “மழை விவரம் தரவும்” என்று பொதுவாகக் கேட்டால் மாவட்டச் சராசரியை ஒரு தாளில் அடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இன்ன மானி, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, தினசரிப் பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். மானியை இடம் மாற்றிய தேதி இருந்தால் அதையும் கேளுங்கள். அதுதான் முக்கியம். என் காலத்தில் ஒரு மானியைப் புதுக் கட்டடம் கட்டுவதற்காக மரத்தடிக்குத் தள்ளினார்கள். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இருமடங்கு தூரமாவது மானி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. இலையில் விழுந்து சொட்டுவதை எல்லாம் மழை என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

பேரையூர் கரிசல்

நான் காட்டிலேயே ஒன்று வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். தானியங்கி வாங்கவா, கையால் அளப்பது வாங்கவா?

கிருதுமால்

கையால் அளப்பதே போதும் அண்ணே. தானியங்கியில் சின்னக் கரண்டி நிரம்பி நிரம்பிக் கவிழும், கவிழ்வதை எண்ணி மழையைச் சொல்லும். அடைமழையில் கவிழ்கிற நேரத்துக்குள் வழிந்து கொஞ்சம் கணக்கில் விட்டுப்போகும், குருவி எச்சமும் தூசும் அடைத்தால் ஒரேயடியாக நின்றுவிடும். ஃபைபர் மானி வாங்கி, குடுவையில் எழுதியிருக்கும் பரப்பும் மானியில் இருக்கும் பரப்பும் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கட்டும். மோட்டார் ரூம் மாடியில் வைக்காதீர்கள், அங்கே காற்று தூக்கி அடித்து ஒரு பகுதி மழை உள்ளே விழாது. காலை எட்டரைக்கு அளந்து எழுதுங்கள், அப்போதுதான் பேரையூர், எழுமலை எண்களோடு ஒப்பிட முடியும்.

பேரையூர் கரிசல்

30 செ.மீ. என்றால் ஆடு முட்டித் தள்ளிவிடுமே தம்பி. தள்ளிவிட்ட அன்றைக்கு என்ன எழுத?

பழைய ஆர்.ஐ.

கோடு போட்டு, பக்கத்தில் ‘ஆடு’ என்று எழுதுங்கள். பூஜ்யம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.